பத்திரகாளி கோயிலடி காவிச் சீலைக் கடை: மாமிக்குச் சீலை வாங்கப் போன அனுபவம்

திருகோணமலையில காவிச் சீலை எங்க வாங்கலாம் எண்டு ஆராவது தேடினா உதவட்டும் எண்டுதான் இதை எழுதுறன். பொம்பிளையள் கட்டுற காவி. அதை முதல்லயே சொல்லோணும், ஏனெண்டா நான் மூண்டு கிழமை கடை கடையா அலைஞ்சதே இந்த ஒரு விசயத்தாலதான்.

என்ர மாமி, அப்பாட மூத்த அக்கா, ரீச்சரா இருந்து பென்சனில வந்தவா. கலியாணம் கட்டேல்ல. அப்பப்பாவும் அப்பம்மாவும் ஒரே வருசத்தில போய்ச் சேர, அப்பாக்கு அப்ப ஒன்பது வயசு, மாமிக்கு இருபது, பேசி வச்சிருந்த கலியாணத்தை வேண்டாம் எண்டு சொல்லிப்போட்டு தம்பியை வளர்க்கிறதிலயே நிண்டுட்டா. அப்பா படிச்சு வேலை எடுத்து எங்களைப் பெத்து வளர்த்து எல்லாம் முடிஞ்ச பிறகு, இந்தியாவில பெண்கள் ஆச்சிரமம் ஒண்டில இருக்கிற ஒரு அம்மாட்ட பன்னிரண்டு வருசமா போய் வந்துகொண்டிருந்தவா, போன வருசம் அந்த அம்மா "தையில வா, காவி தாறன், துணி மட்டும் உன்ர ஊரில வாங்கிக் கொண்டுவா" எண்டு சொல்லிட்டா. வீட்டில பெரிய பிரளயம். அப்பா ஒரு மாசம் மாமியோட முகம் குடுத்துக் கதைக்கேல்ல. "நான் உன்னைப் பார்க்கேல்லையா, என்ன குறை வச்சனான்" எண்டு ஒரே கேள்வி. மாமி ஒண்டும் சொல்லேல்ல, வாங்க வேண்டிய சாமான் எல்லாத்தையும் ஒரு துண்டில எழுதி என்ர கையில தந்தவா: கரை இல்லாத பருத்திச் சீலை ரெண்டு, சட்டைத்துணி, ஒரு சால்வை, நூற்றெட்டு மணி உருத்திராட்ச மாலை ஒண்டு.

துண்டைக் கொண்டு நான் ஏறி இறங்கின கடையளின்ர பேர் வேண்டாம். முதல் கடையில பெடியன் கேட்டது "எந்தச் சாமிக்கு அக்கா, வேட்டி நாலு முழமோ எட்டு முழமோ?" பொம்பிளை ஒராளுக்கு எண்டு சொன்னன், விளங்கேல்ல, திரும்பவும் வேட்டியைத்தான் எடுத்துப் போட்டவன். அடுத்த கடையில செம்மஞ்சள் நிற பொலியெஸ்டர், ஒரு சாண் அகலத்துக்குப் பொன்சரிகை, "கோயிலுக்குக் கட்ட வடிவா இருக்கும்" எண்டு. மூண்டாவது கடையில உருத்திராட்சம் கேட்டன், கடைக்காரர் ஆருக்கு எண்டு கேட்டார், சொன்னன், "பொம்பிளையள் போடக்கூடாது தங்கச்சி, தீட்டு" எண்டு பெட்டியை மூடிட்டார். அதுக்குப் பக்கத்தில நிண்ட இன்னொராள் கேட்டதுதான் எனக்கு இண்டைக்கும் நெஞ்சில குத்துது: "ஏன், அவவைப் பார்க்கப் பிள்ளையள் இல்லையோ?"

ஆம்பிளை காவி கட்டினா "துறந்திட்டார்" எண்டுவினம். பொம்பிளை கட்டினா "கைவிட்டிட்டாங்கள் போல" எண்டுவினம். அதே துணிதான், அதே நிறம்தான். இது எனக்கு மாமிட விசயம் வரும் வரைக்கும் உறைக்கேல்ல எண்டதையும் சொல்லோணும்.

கடைக்கு வாறன். பத்திரகாளி அம்மன் கோயிலடியில இருந்து நடந்து போற தூரம், ஒரு ஒழுங்கைக்குள்ள வீட்டு விறாந்தையை அடைச்சுச் செய்த கடை. பெயர்ப்பலகை இல்ல. வாசலில ஒரு வேப்பமரம், அதில கயிறு கட்டி காவி தோய்ச்ச துணி நிழலில காயும், அதுதான் அடையாளம். நான் போன அண்டைக்கு மான் ரெண்டு மரத்தடியில படுத்திருந்தது (எங்கட ஊரில மான் றோட்டால திரியிறது புதினமில்லைத்தான், எண்டாலும் காவித் துணிக்குக் கீழ மான் படுத்திருக்கிறதைப் பார்க்க ஒரு மாதிரி இருந்தது). கடை நடத்துறது ஒரு அம்மா, வயசு அறுபத்தஞ்சு எழுபது இருக்கும், வெள்ளைச் சீலை, நெத்தி நிறையத் திருநீறு, நிலத்தில பாய் போட்டு இருந்துதான் வியாபாரம்.

நான் துண்டை நீட்டினன். வாசிச்சுப்போட்டு அவா கேட்ட முதல் கேள்வி: "தீட்சை எடுத்தவாவோ, எடுக்கப்போறாவோ?" அவ்வளவுதான். ஏன் எதுக்கு, புருசன் பிள்ளை, ஒண்டும் இல்ல. எனக்கு அந்த இடத்திலயே கண் கலங்கிட்டுது.

அதுக்குப் பிறகு அவா சாமான் தர மாட்டன் எண்டுட்டா! காவி எண்டது ஆருக்கும் பரிசாக் குடுக்கிற சாமான் இல்லையாம், கட்டப்போறவா தானா வந்து தொட்டுப் பார்த்து எடுக்கோணுமாம், அதைக் கொண்டுபோய் குருட்ட குடுத்து குரு கையால திரும்ப வாங்கினாத்தான் அது காவி, "அதுவரைக்கும் நான் விக்கிறது சாயத்துணி பிள்ள" எண்டவா. பாலையூற்றில இருந்து பகல் வெய்யிலுக்குள்ள வந்த எனக்குக் கோவம்தான் வந்தது, இல்லையெண்டு சொல்லேல்ல. ஆனா "இருந்து தண்ணி குடிச்சுப்போட்டுப் போ" எண்டு செம்பில தண்ணி தந்தவா, தண்ணி குடிக்கேக்கதான் அந்தச் சுவரைப் பார்த்தன்.

இந்தக் கடையைப் பற்றி எழுதோணும் எண்டு நினைச்சதே அந்தச் சுவராலதான். எல்லாக் கடையிலயும் இருக்கிற மாதிரிச் சாமிப் படம்தான், ஆனா ஒண்டிலயும் அம்மன் சிவனுக்குப் பக்கத்தில சோடியா நிக்கேல்ல. எல்லாம் தவக்கோலம். மாங்காட்டுக் காமாட்சி, அஞ்சு அக்கினிக்கு நடுவில இடது கால் பெருவிரலை ஊண்டி ஒத்தைக் காலில நிக்கிற படம். கன்னியாகுமரி அம்மன், கையில செபமாலையோட கடல் பார்த்து நிக்கிறா. பிரமச்சாரிணி, வடக்க நவராத்திரி ரெண்டாம் நாளுக்குரிய துர்க்கை, ஒரு கையில செபமாலை மற்றக் கையில கமண்டலம், வெறுங்கால். நாங்கள் நவராத்திரியை மூண்டு மூண்டு நாளா துர்க்கை, லட்சுமி, சரஸ்வதி எண்டு பிரிச்சுக் கும்பிடுறனாங்கள், கும்பம் வச்சு நவதானியம் முளைக்கப்போட்டு ஒன்பது இரவும் ஊரே முழிச்சிருக்கும், ஆனா ரெண்டாம் நாள் அம்மன் ஒரு சந்நியாசினி எண்டு எனக்கு ஆரும் சொல்லித்தரேல்ல. அவ்வளவு ஏன், சரஸ்வதி கையில இருக்கிறது வீணையும் ஏடும் எண்டு பள்ளிக்கூடத்தில மனப்பாடமாச் சொன்னனாங்கள், மற்றக் கையில செபமாலை இருக்கே, அதை ஆர் கவனிச்சது.

அம்மா நான் பார்க்கிறதைப் பார்த்துட்டு "ஓரோருத்தியும் என்ன செய்தவள் எண்டு தெரியுமோ?" எண்டு கேட்டவா. எனக்குத் தெரிஞ்சது பார்வதி கதைதான், அதுவும் வாய் சும்மா இருக்காம "பார்வதி தவம் செய்தது புருசன் கிடைக்கத்தானே அம்மா, அது எப்பிடித் துறவாகும்" எண்டு கேட்டுட்டன். அவா கோவிக்கேல்ல. விரலை மடிச்சு மடிச்சுச் சொன்னா. இமவான் மகள், அரண்மனைப் பிள்ளை, வெய்யிலில நெருப்புக்கு நடுவில இருந்தா, மழையில வெறும் பாறையில கிடந்தா, பனியில தண்ணிக்குள்ள நிண்டா, சாப்பாட்டை விட்டு மரத்தால விழுந்த சருகைத் திண்டா, பிறகு அந்தச் சருகையும் விட்டா, அதாலதான் அபர்ணா எண்டு பேர், பர்ணம் எண்டா இலை, இலை கூடத் தின்னாதவள். அவளைச் சோதிக்கச் சிவன் பிரமச்சாரி வேசத்தில வந்து சிவனைப் பற்றியே குறை சொல்ல, அவள் எழும்பிப் போகப் பார்க்க, அப்பத்தான் தன்ர உருவத்தைக் காட்டி "இண்டையில இருந்து நான் உன்ர தவத்தால வாங்கப்பட்ட அடிமை" எண்டு சொன்னவராம். காளிதாசர் அப்பிடித்தான் பாடியிருக்கிறார் எண்டு மாமி பிறகு சொன்னா. "ஆர் ஆரை வாங்கினது எண்டு பார் பிள்ள" எண்டவா அம்மா.

நான் அதை வீட்ட வரும் வரைக்கும் ஓட்டோவுக்குள்ள இருந்து யோசிச்சன். கோணேசர் கோயில் தேவாரத்தில சம்பந்தர் முதல் பாட்டிலயே "வரைகெழு மகளோர் பாகமா" எண்டுதானே பாடுறார், சின்னனில இருந்து படிச்ச பாட்டு, மலைமகள் பாதி உடம்பில இருக்கிறா எண்டு விளங்கிக்கொண்டிருந்தன், அந்தப் பாதி அவா தவத்தால எடுத்த பாதி எண்டு நினைச்சுப் பார்க்கேல்ல. அந்தக் கோயில் மலையிலயே மாதுமை அம்மன் இருக்கிறா. பதினெட்டு சக்திபீடத்துச் சுலோகம் தொடங்கிறதே "லங்காயாம் சங்கரீ தேவி" எண்டு, அந்தச் சங்கரி இருந்த இடம் எங்கட கோணமலைதான் எண்டு கனபேர் வடக்க இருந்து விமானம் ஏறி வந்து கும்பிட்டுட்டுப் போகினம். அப்பிடிப்பட்ட ஊரில ஒரு பொம்பிளைக்குக் காவிச் சீலை வாங்க மூண்டு கிழமை அலையவேண்டிக் கிடக்கு.

அடுத்த வெள்ளி மாமியைக் கூட்டிக்கொண்டு போனன். இந்தத் தடவை நான் ஒரு மூலையில இருந்து பார்த்துக்கொண்டிருந்ததுதான், கதை முழுக்க அவை ரெண்டு பேரும். அம்மா முதல் மாமியை "ரீச்சர்" எண்டு கூப்பிட்டா, மாமி அவவை "அம்மா" எண்டு. சீலை நாலைஞ்சு எடுத்து விரிச்சுக் காட்டினா. ஒவ்வொண்டும் கையால காவி தோய்ச்சது. காவிக்கல்லை இடிச்சு மாவாக்கி, தண்ணியில கரைச்சு, துணியில வடிகட்டி, அதுக்குள்ள நனைச்சு நிழலில காயப்போடுறது, இப்பிடி மூண்டு தரம். மில்லில வாற செம்மஞ்சள் இல்ல இது, செம்மண் நிறம், கிட்டத்தட்ட எங்கட ஊர்ப் பிரட்றிக் கோட்டை வாசல் மண் மாதிரி. காவிக்கல் எண்டதே இரும்புச்சத்துள்ள சிவந்த மண்தானே. "மண்ணைக் கட்டிக்கொள்ளுறது ரீச்சர், நாளைக்கு மண்ணாகிறதை இண்டைக்கே கட்டிக்கொள்ளுறது" எண்டவா. மாமி அந்தச் சீலையைக் கன்னத்தில வச்சுப் பார்த்தா.

பிறகு மாமி சுவரைப் பார்த்தா. அவாக்கு என்னை மாதிரி விளக்கம் சொல்லத் தேவையில்ல, அவாதான் அம்மாக்குச் சொல்லத் தொடங்கினா, அது ஒரு வடிவான கதை. காரைக்கால் அம்மையார் படம் ஒண்டு இருந்தது, எலும்பும் தோலுமா, கையில தாளத்தோட. கொழும்பு மியூசியத்தில பொலநறுவையில கிடைச்ச காரைக்கால் அம்மையார் செப்புச்சிலை இருக்கு, பிள்ளையளைச் சுற்றுலா கூட்டிக்கொண்டு போகேக்க தான் அதுக்கு முன்னால நிண்டுட்டன், பிள்ளையள் "ரீச்சர் பேய்" எண்டு பயந்ததுகள் எண்டு மாமி சொன்னா. பேய்தான். தானே கேட்டு வாங்கின பேய் உருவம். மாம்பழக் கதை எல்லாருக்கும் தெரியும், ஆனா மாமி சொன்னது அதுக்குப் பிறகு வாறது: புருசன் பரமதத்தன் பயந்து ஓடிப்போய் வேற ஊரில வேற கலியாணம் கட்டி, பிறந்த பிள்ளைக்குப் புனிதவதி எண்டு பேர் வச்சு, சொந்தக்காரர் அம்மையாரைக் கொண்டுபோய் அவனுக்கு முன்னால விட, அவன் பெண்சாதி பிள்ளையோட வந்து காலில விழுறான். புருசன் பெண்சாதிட காலில. அந்த நேரத்தில அவா "எனக்கு இந்த உடம்பின்ர வடிவு வேண்டாம்" எண்டு உதறினதுதான் பேய் உருவம். கயிலாயத்துக்குத் தலையால நடந்து போகேக்க உமை கேட்கிறா இது ஆர் எண்டு, "நம்மைப் பேணும் அம்மை" எண்டு சிவன் சொல்லி, அவவைப் பார்த்து "அம்மையே" எண்டு கூப்பிடுறார். தாய் தகப்பன் இல்லாத சிவனுக்கு ஒரு தாய் கிடைச்சதாம். கோயிலில அறுபத்துமூவர் வரிசையில மற்றவை எல்லாரும் நிக்க அம்மையார் மட்டும் இருக்கிற கோலத்தில இருப்பா, அடுத்த தரம் போகேக்க பாருங்கோ.

அதுக்குப் பிறகு கடைக்கார அம்மா, சாரதா தேவியின்ர படத்தை எடுத்துக் காட்டினா. 1872ல ராமகிருஷ்ணர் தன்ர மனைவியை ஆசனத்தில இருத்தி திரிபுரசுந்தரியாப் பூசை செய்தவர், அதோட தன்ர தவத்தின்ர பலன் முழுக்க அவவின்ர காலில வச்சவர். அந்த ராமகிருஷ்ணருக்குத் தாந்திரீகம் படிப்பிச்ச குருவே பைரவி பிராமணி எண்ட ஒரு பெண் துறவி. சாரதா தேவி தான் காவி கட்டாமல் வெள்ளைச் சீலையிலயே இருந்துகொண்டு ஆம்பிளைச் சீடர்மாருக்குக் காவி எடுத்துக் குடுத்தவா. "என்னையும் ஆக்கள் கேக்கிறவை, நீங்க வெள்ளை கட்டிக்கொண்டு காவி விக்கிறியள் எண்டு, நான் இவவைக் காட்டிவிடுவன்" எண்டு அம்மா சொன்னா. வங்காளத்து ஆனந்தமயி அம்மாவும் அப்பிடித்தான், வெள்ளை. 1922ல குரு ஒராளும் இல்லாமல் தனக்குத் தானே தீட்சை குடுத்தவா, பிறகு புருசனே அவவிட்ட தீட்சை வாங்கினவர்.

இதில நான் ஒரு விசயத்தில அம்மாவோட ஒத்துப்போகேல்ல, அதையும் எழுதிறன். அவா சொன்னா அம்மனைக் கும்பிடுற சமயத்தில பொம்பிளைக்குக் குறை இல்லை, நாங்கள்தான் மறந்திட்டம் எண்டு. எனக்கு அப்பிடி இலேசாச் சொல்லி முடிக்க ஏலாது. சாரதா தேவியை அம்மனா வச்சுப் பூசை செய்தது 1872. பெண்களுக்கு எண்டு ஒரு மடம் வேணும் எண்டு விவேகானந்தர் ஆசைப்பட்டவர், 1902ல அவர் போயிட்டார். சாரதா மடம் தொடங்கினது 1954ல. பூசை செய்ததில இருந்து எண்ணினா எண்பத்திரண்டு வருசம்! அம்மன் எண்டு ஆசனத்தில இருத்தினதுக்கும், பொம்பிளையளுக்கு எண்டு ஒரு மடம் வந்ததுக்கும் இடையில எண்பத்திரண்டு வருசம் கிடக்கு. தொண்டுக்கு எண்டு மாமி முந்தி ஒரு மடத்துக்குப் போனவா, பேர் வேண்டாம், அங்க சாமிமாருக்கு ஆக்கள் காலில விழுந்து கும்பிட, அதே தீட்சை எடுத்த அம்மாமார் ரெண்டு பேர் குசினியில கறி வெட்டிக்கொண்டிருந்தவையாம். குசினி வேலை கேவலம் எண்டு சொல்லேல்ல. ஆனா ஏன் ஒரு சாமியும் வெட்டேல்ல?

அம்மா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துட்டு "நீ சொல்லுறதும் சரிதான் பிள்ள" எண்டவா. பிறகு சுவரின்ர ஓரத்தில இருந்த கறுப்பு வெள்ளைப் படத்தைக் காட்டினா, தங்கம்மா அப்பாக்குட்டி அம்மா. சிவத்தமிழ்ச் செல்வி எண்டா எங்கட ஆக்கள் எல்லாருக்கும் தெரியும். 1925ல பிறந்து 2008ல மறைஞ்சவா, கலியாணம் கட்டாமல் ரீச்சரா இருந்து, பிறகு தெல்லிப்பழை துர்க்கை அம்மன் கோயிலை நிர்வாகத் தலைவியா இருந்து கட்டி எழுப்பி, கோயில் காசில ஆதரவில்லாத பெண் பிள்ளையளுக்கு இல்லம் நடத்தினவா. அவா பிரசங்கம் செய்யேக்க வீதி நிறைய ஆம்பிளையள் நிலத்தில இருந்து கேட்டவை. மாமி அந்தப் படத்துக்குக் கிட்டப் போய்க் கும்பிட்டா. தான் கம்பஸ் படிக்கேக்க அவவின்ர பேச்சைக் கேட்டனான், அண்டைக்கு விழுந்த விதை இது எண்டு அப்பத்தான் சொன்னா. எனக்கு அது தெரியாது. முப்பது வருசம் ஒரே வீட்டில இருந்திருக்கிறன், தெரியாது.

சரி, சாமான் எப்பிடி. இப்ப சித்திரை முடியுது, மாமி காவி கட்டி மூண்டு மாசத்துக்கு மேல, அதால இது பாவிச்சுப் பார்த்துட்டுச் சொல்லுறது.

சீலை ஒண்டு 3,400 ரூபா. பருத்தி நல்ல தடிப்பு, ஆனா திருகோணமலை வெய்யிலுக்கும் காத்தோட்டமா இருக்கு எண்டு மாமி சொல்லுறா. கையால தோய்ச்சது எண்டபடியா ரெண்டு சீலையும் ஒரே நிறமில்ல, ஒண்டு கொஞ்சம் கருமை. நிறம் கழருது, இதை ஒளிக்காமல் சொல்லோணும். முதல் மூண்டு தோய்வுக்கும் வாளித்தண்ணி இரத்தம் மாதிரி, தெரியாமல் அப்பாட வெள்ளை பெனியனைச் சேர்த்துப் போட்டு அது இப்ப காவிப் பெனியன். வேர்த்தா தோளில, கழுத்தில எல்லாம் நிறம் பிடிக்கும். வேறயாத் தோய்க்கச் சொல்லி அம்மா முதல்லயே சொன்னவாதான், நாங்கள்தான் கேட்கேல்ல. நாலாம் தோய்வுக்குப் பிறகு நிண்டிட்டுது. நிறம் மங்கினா திரும்பத் தோய்க்கக் காவிக்கல் கட்டியாவும் விக்கிறா, ஒண்டு 200 ரூபா. பொலியெஸ்டர் இந்தப் பிரச்சினை ஒண்டும் தராது, ஆனா மாமி அதைக் கட்ட மாட்டா, நானும் இனி ஒருத்தருக்கும் சொல்ல மாட்டன்.

சட்டைத்துணி பரவாயில்ல. சால்வை சரியான மெல்லிசு, அந்த விலைக்குக் காணாது.

உருத்திராட்ச மாலை 2,600 ரூபா, அஞ்சுமுகம், மணி எல்லாம் ஒரே அளவு, தண்ணியில போட்டுப் பார்த்து எடுக்க விட்டவா. மூண்டாவது கடைக்காரர் சொன்ன தீட்டுக் கதையை மாமி அம்மாட்டச் சொன்னா, அதுக்கு அம்மா சிரிச்சுக்கொண்டு உருத்திராட்சத்தின்ர பெருமையைப் பக்கம் பக்கமாச் சொல்லுறதே தேவி பாகவதம்தான், அம்மனின்ர புராணத்தில அம்மனின்ர பிள்ளையளுக்கு இல்லையெண்டா ஆருக்காம் எண்டு கேட்டா. மேல்மருவத்தூரில பொம்பிளையள் கருவறைக்குள்ள போய்த் தங்கட கையால அபிசேகம் செய்யினம், மாதவிலக்கு எண்டு மறிக்கிறேல்ல, அது நடந்து எத்தனை வருசம், இன்னும் இங்க கடையில தீட்டுக் கதைக்கிறாங்கள் எண்டு மாமி சொன்னா, ரெண்டு பேருக்கும் அந்தக் கதை முடியவே இல்ல. ஆனா மாலை கோர்த்த நூல் சரியில்ல. ஒரு மாசத்தில அறுந்திட்டுது, நல்ல காலம் பூசை அறைக்குள்ள அறுந்தது. கொண்டுபோய்க் காட்டினன், மணியை எண்ணி, பட்டு நூலில ஒவ்வொரு மணிக்கும் இடையில முடிச்சுப் போட்டுத் திரும்பக் கோர்த்துத் தந்தவா, காசு வாங்கேல்ல. முதல்லயே அப்பிடிக் கோர்த்திருக்கலாம் எண்டு சொன்னன், இனி எல்லாம் முடிச்சுப் போட்டுத்தான் விப்பன் எண்டவா.

வேற குறையள்: காட் எடுக்கிறேல்ல, காசாத்தான் கொண்டுபோகோணும். பில் இல்ல. போனும் இல்ல. அமாவாசை, பூரணை பூட்டு, மத்தியானம் பன்னிரண்டுக்குப் பிறகு நாலு மணி வரைக்கும் பூட்டு, இது ஒண்டும் எழுதிப் போட்டிருக்காது, போய்ப் பார்த்துத் திரும்பி வாறதுதான். ஆடிப்பூரம், நவராத்திரி நேரம் கடையை மறந்திடுங்கோ, அவா கோயில்லதான். முழங்கால் வருத்தக்காரருக்கு இருக்க ஒரு கதிரை போட்டா நல்லம்.

சாமான் கட்டித் தரேக்க அம்மா மாமியைப் பார்த்துச் சொன்னதை எழுதாமல் விட ஏலாது. "தையில இதைக் கட்டிக்கொண்டு வந்தா நீங்கள் என்னை அம்மா எண்டு கூப்பிடக்கூடாது. அதுக்குப் பிறகு நான்தான் உங்களைக் கூப்பிடோணும்." வயசில மாமியை விட மூத்தவா.

மாமி தையில இந்தியா போய் வந்தா. வந்து இறங்கின அண்டைக்கு விடிய, பூசை முடிச்சு, வழமையா எங்களுக்குத் திருநீறு பூசுறது அப்பாதான், அண்டைக்கு அவர் தட்டத்தை எடுத்து மாமிக்கு முன்னால நீட்டினார், தனக்குப் பூசிவிடச் சொல்லி. மாமி பூசினா. ரெண்டு பேரும் ஒண்டும் கதைக்கேல்ல. நான் பிறகு திலகவதியார் கதையை எடுத்துப் படிச்சுப் பார்த்தன், அப்பருக்குத் திருநீறு குடுத்து அவரைத் திரும்பச் சைவத்துக்குக் கொண்டுவந்த அக்கா. பேசி வச்ச மாப்பிள்ளை போரில செத்துப்போக, தானும் போவம் எண்டு நிண்டவா தம்பிக்காக உயிரை வச்சுக்கொண்டு, தாலி கட்டாமல், "இம்பர் மனைத்தவம் புரிந்து" இருந்தா எண்டு சேக்கிழார் பாடுறார். மனைத்தவம். வீட்டில இருந்து செய்த தவம். அறுபத்துமூவரில திலகவதியாருக்கு இடமில்ல, அப்பருக்கு இருக்கு. மாமி நாற்பது வருசமாச் செய்ததுக்கு எங்கட வீட்டில ஒருத்தரும் ஒரு பேரும் வைக்கேல்ல, சமைச்சா, படிப்பிச்சா, பார்த்தா எண்டுதான் சொல்லிக்கொண்டிருந்தனாங்கள்.

போன கிழமை காவிக்கல் வாங்க மாமியே கடைக்குப் போனவா, நானும் கூடப் போனன். அம்மா பாயில இருந்து எழும்பி, முழங்காலைப் பிடிச்சுக்கொண்டு மெல்ல மெல்லக் குனிஞ்சு, "வாங்கோ அம்மா" எண்டவா. மாமி பதறிப்போய் அவவின்ர கையைப் பிடிச்சிட்டா. அவா விடேல்ல.

ஒரு விசயம், காவிக்கல் கட்டி வாங்கினா கடதாசியில சுத்தித்தான் தருவா, கைப்பைக்குள்ள போடாதேங்கோ, என்ர பை இப்ப உள்ளுக்க முழுக்கச் சிவப்பு.